யார் பாட்டு, யார் காது

1

மனநல வார்டில் நோயாளிகளுக்குப் பாட்டு போடுகிறார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நல்ல காரியமாகத்தான் தோன்றும். நல்ல காரியம்தான். ஆனால் அது யாருடைய பாட்டு, அதைத் தேர்ந்தெடுத்தது யார், பிடிக்கவில்லை என்றால் நிறுத்தச் சொல்ல நோயாளிக்கு வாய் உண்டா என்று கேட்கத் தொடங்கினால், அந்த நல்ல காரியத்துக்குள்ளேயும் ஊர் தனியாக, சேரி தனியாகக் கிடப்பது தெரியும். எனக்கு அது தெரிய வந்தது 2019இல். என் அத்தைக்கு, அப்பாவின் மூத்த அக்காவுக்கு, ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் எட்டு முறை மின்சிகிச்சை கொடுத்தார்கள். எட்டு முறையும் கூட இருந்தவள் நான்.

மின்சிகிச்சை என்பது நான் எழுதுகிற சொல். எங்கள் பக்கம் அப்படி யாரும் சொல்வதில்லை. 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். கரண்டு என்ற சொல் சேரிக்குள் என்னென்ன கதைகளோடு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை டாக்டர்கள் யோசிக்க வேண்டும். காட்டுப்பன்றிக்காகக் கழனியைச் சுற்றிக் கட்டிய கம்பியில் பட்டு, விடியற்காலை வரப்போரமாகப் போனவர் செத்துக் கிடந்த கதை. சந்தேகக் கேசில் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போன பையன்களுக்குக் கரண்டு வைத்த கதை. சினிமாவில் கதாநாயகனைக் கட்டிலோடு கட்டி, நெற்றிப்பொட்டில் வைத்ததும் அவன் வில்லாக வளைந்து துடிக்கிற காட்சி. இவற்றைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்த ஒரு பொம்பளையிடம் போய், "பயப்படாதம்மா, கரண்டுதான் வைக்கப்போறோம்" என்றால் அவள் என்ன நினைப்பாள்?

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் ஒரு மனிதனுக்குச் செய்தபோது மயக்க மருந்து கிடையாது. பின்னாலும் பல காலம் அப்படியே நடந்தது. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்துகிற மருந்தும் வந்த பிறகும், இவை இல்லாமலே கரண்டு வைப்பது நம் நாட்டில் பல இடங்களில் தொடர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான் அப்படிச் செய்யக் கூடாது என்று தடுத்தது. ஆக, ஜனங்களுடைய பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

இன்றைக்கு முறையாகச் செய்தால் அது வேறு மாதிரி. ராத்திரியிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும். காலையில் கையில் ஊசி ஏறும். தூங்கிவிடுவார்கள். தசை தளர மருந்து, மூச்சுக்கு ஆக்சிஜன், சில விநாடி கரண்டு. உடம்பில் பெரிதாக எதுவும் தெரியாது. மூளைக்குள் ஒரு நிமிஷத்துக்கு உள்ளாக ஒரு வலிப்பு வந்து அடங்கும். கொஞ்ச நேரத்தில் கண் திறப்பார்கள். தலைவலி இருக்கும், மறதி இருக்கும். சில பேருக்கு அந்த மறதி அதிக நாள் நிற்கும். ஆனால் பேச்சும் சாப்பாடும் நின்றுபோய் உயிர் இறங்கிக்கொண்டே இருக்கிறவர்களை மாத்திரையைவிடச் சீக்கிரம் இது தூக்கி நிறுத்துகிறது. அதை நானே பார்த்தேன். எனவே சிகிச்சைக்கு எதிராக நான் இதை எழுதவில்லை. ஊசி ஏறுவதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2

அத்தை கழனிவேலைக்காரி. நடவில் முன்பாட்டு எடுக்கும். அத்தை எடுத்துக் கொடுக்க, வரிசையிலிருக்கிற பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். இன்னொரு வேலையும் இருந்தது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். மாமா பறையை எடுத்துக்கொண்டு போவார். பின்னாலேயே அத்தை மாரடித்து ஒப்பாரி வைக்கப் போகும். யார் செத்தாலும், உயிரோடு இருந்தபோது நம்மை எப்படி நடத்தியவர் என்றாலும், அவரைப் பொன்னே மணியே என்று பாட வேண்டும். கூலி மரக்கால் நெல், சில சமயம் பழைய புடவை.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது வகுப்பில் ஒரு பேராசிரியர், சிரத்தை இல்லாமல் வேலை செய்கிற மாணவர்களைக் 'கூலிக்கு மாரடிக்கிறவர்கள்' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தமிழில் இது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கூலியை வாங்கியது யார், மார் யாருடைய மார், அடித்த இடம் ராத்திரி எப்படி வீங்கியிருக்கும் என்று பழமொழிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அத்தைக்கு விளக்கெண்ணெய் தடவி விட்டிருக்கிறேன்.

2018இல் அத்தையின் மகன் செத்துப்போனான். சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மலக்குழியில் இறங்கினவன் மேலே வரவில்லை. மனிதனை அப்படி இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் போட்டாயிற்று. செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. முப்பது லட்சம் என்று 2023இல் உயர்த்தியதும் நடந்தது. சட்டமும் தீர்ப்பும் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

பிணம் ஊர் வந்தபோது அத்தை அழவில்லை. "ஊருக்கெல்லாம் அழுத வாயாச்சே, பெத்த புள்ளைக்கு ஒரு சொல்லு வரலியே" என்று பெண்கள் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காரியம் முடிந்தும் அப்படியே. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. கஞ்சியை வாயில் ஊற்றினால் வழியும்.

முதலில் கோடாங்கியிடம்தான் கொண்டுபோனார்கள். முனி அடித்திருக்கிறது என்றார். மூன்று ராத்திரி உடுக்கை. காதோடு காதாக வைத்து அடித்து, முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, "யாரு நீ? பேரச் சொல்லு, போறியா இல்லியா" என்று கேட்டார். வேப்பங்குழை அடியில் தோலெல்லாம் தடித்துப்போனது. உடுக்கையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கதைப்பாட்டுப் பாடுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் அந்த மூன்று ராத்திரிக்குப் பிறகு உடுக்கைச் சத்தம் அத்தைக்கு அடியின் சத்தமாகிவிட்டது. இதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும்.

ஏன் ஆஸ்பத்திரிக்கு முதலில் போகவில்லை என்று கேட்பது சுலபம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களும் கரண்டுக்குப் பயந்த, காசில்லாத, பக்கத்தில் டாக்டர் இல்லாத குடும்பங்கள்தான். சங்கிலி போடக் கூடாது என்பதையும் 2017 சட்டம்தான் தெளிவாக எழுதியது. ஆஸ்பத்திரியின் மேல் இருக்கும் பயம் ஒருவரைச் சங்கிலிக்கோ உடுக்கைக்கோ அனுப்புகிறது என்றால், அந்தப் பயத்தைக் குறைப்பதும் சிகிச்சைதான்.

3

அந்த மருத்துவமனையில் சிகிச்சை அறைக்கு வெளியே நீளமான கூடம். இரண்டு பக்கமும் பெஞ்சு. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கெல்லாம் உட்கார வைத்துவிடுவார்கள். கூப்பிடுகிறபோது பத்தும் ஆகலாம். உள்ளே போகிறவர் நடந்து போவார். வெளியே வரும்போது தள்ளுவண்டியில் வாய் ஓரம் எச்சில் வழியக் கண்மூடி வருவார். காத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு திரை கிடையாது. வண்டியின் ஒரு சக்கரம் தேய்ந்து போய்க் கிறீச்சிடும். கதவுக்குள்ளே அந்தச் சத்தம் ஆரம்பித்ததும் பெஞ்சில் இருக்கிற எல்லாக் கையும் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்.

அந்தக் கூடத்தில்தான் பாட்டு போட்டார்கள். நகரத்தில் ஒரு தர்ம காரியச் சங்கம் ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்திருந்தது. 'இசை மருத்துவம்' என்று பலகை. முதலில் வீணை, எட்டு மணிக்கு மேல் பக்திப் பாடல்கள். சங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து எங்களுக்கு விளக்கினார். ஆனந்தபைரவி ரத்தக் கொதிப்பைக் குறைக்குமாம். நீலாம்பரி தூக்கம் தருமாம். "கண்டதையும் கேட்டு மனசு கெட்டுப்போயிருக்கும். இதக் கேட்டா சுத்தமாகும்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். பலகாரம் எடுத்து வந்து கூட இருப்பவர்களுக்குக் கொடுத்தார். சுத்தம் என்ற சொல் மட்டும் எனக்குள் முள்ளாக நின்றது. எங்கே தப்பு என்று தேடும்போதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படுகிற முதல் சொல் அதுதான்.

எங்களுக்கு எதிர்ப் பெஞ்சில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். வீணை ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தொடையில் விரல் தாளம் போடும். முகம் தெளியும். அவருக்கு அது நிஜமாகவே மருந்து. அதை நான் மறுக்க மாட்டேன். அத்தைக்கு வீணை எதுவும் செய்யவில்லை. மழை பெய்கிற மாதிரி பெய்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் அம்மன் பாட்டு ஒன்று வந்தது. பம்பையும் உடுக்கையும் சேர்ந்து எழும்புகிற பாட்டு. அத்தை காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ப் புகுந்தது. இழுத்த கையைக் கடித்தது. இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். பாட்டை நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன். "அது சாமிப் பாட்டும்மா, அதப் போய் நிறுத்தச் சொல்ற. நீங்க எந்த ஊரு, காலனியா?" என்றார் ஒரு ஊழியர். பாட்டு ஓடி முடிந்தது. கேஸ் சீட்டில் 'ஒத்துழைக்கவில்லை, ஆவேசம்' என்று எழுதினார்கள். உடுக்கை எழுதப்படவில்லை. அத்தையின் பயத்தைக் கிளப்பியது அங்கே போட்ட மருந்து. பதிவானது அத்தையின் நோயாக.

4

அந்த வாரம் ராத்திரிகளில் நான் படித்தேன். பாட்டு பயத்தைக் குறைக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிற நோயாளிகளிடம் செய்த 26 சோதனைகளை, அதாவது 2,051 பேரின் அனுபவத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. பாட்டு கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்திருக்கிறது. அதில் ஒரு பெரிய சோதனையில் பதற்றத்துக்குக் கொடுக்கிற மிடாஸோலம் மருந்தைவிடப் பாட்டு நன்றாக வேலை செய்திருக்கிறது. சோதனைகளில் பல குறைகள் உண்டு என்றும் அதே ஆய்வு ஒப்புக்கொள்கிறது. காரணம் புரியாததல்ல. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு மேலேயே நிற்கும், காது சின்னச் சத்தத்தையும் தேடிப் பிடிக்கும். நிதானமான தாளம் காதுக்கு ஒரு வேலை கொடுக்கிறது. மூச்சு அதோடு சேர்ந்துகொள்கிறது. தள்ளுவண்டிச் சக்கரத்தின் சத்தம் பின்னால் போகிறது.

நம்மவர்கள் இதை எப்போதோ கண்டிருக்கிறார்கள். புறநானூறு 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீட்டை நினைத்துப் பாருங்கள். போரில் புண்பட்டவன் உள்ளே கிடக்கிறான். வாசலில் வேம்பும் இரவமும் செருகியிருக்கிறது. யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்கின்றன. ஆம்பல் ஊதுகிறார்கள். மணி அடிக்கிறார்கள். காஞ்சி பாடுகிறார்கள். வெண்கடுகைத் தூவி நறும்புகை போடுகிறார்கள். எம்.ஏ.வில் இதைத் துறை என்ன, திணை என்ன என்றுதான் படித்தேன். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அங்கே பாடுகிறவர்கள் அவனைத் தெரிந்தவர்கள். அவன் காது எதற்குப் பழகியது என்று அறிந்தவள் கூடவே இருக்கிறாள். வெளியிலிருந்து ஒரு சங்கம் வந்து அவனுக்குப் பாட்டு முடிவு செய்யவில்லை.

தமிழிசையை ஆராய்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர். வைத்தியமும் இசையும் ஒரே ஆளிடம் இருந்த மரபு நம்முடையது. அதற்கும் முன்னால் போனால் புறநானூறு 335இல் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறார். துடியும் பாணும் பறையும் இசையால் பெயர் பெற்ற குடிகள். அந்த இசைக்காரர்களின் வாரிசுகளைச் சேரியில் வைத்துவிட்டு, அவர்களுக்கே இசை என்றால் என்ன என்று பலகை வைத்துச் சொல்லித்தர வருகிறார்கள். ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்ற ராகங்களின் வேர் நாட்டுப்புற மெட்டில்தான் இருக்கிறது என்று இசை அறிஞர்களே எழுதுகிறார்கள். வயலில் பிறந்த மெட்டு சபைக்குப் போய்க் குளித்துவிட்டு, இப்போது 'சுத்தமாக்க' எங்களிடம் திரும்பி வருகிறது.

இவ்வளவு சொன்னதும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள், அப்படியானால் வீணையை நிறுத்திவிட்டுப் பறையைப் போட வேண்டியதுதானே என்று நினைக்கலாம். எங்கள் தோழர் ஒருவரும் அப்படித்தான் நினைத்தார்.

5

மூன்றாவது சிகிச்சை முடிந்திருந்தது. அத்தை தண்ணீர் கேட்க ஆரம்பித்திருந்தது. ஓரிரண்டு சொல் பேசும். நான்காவது நாள் காலையில் தோழர் வந்தார். எங்கள் கலைக்குழு அடித்த பறையிசை அவர் போனில் இருந்தது. "அவங்க பாட்டு அவங்களுக்கு. நம்ம அத்தைக்கு நம்ம இசை" என்று அத்தையின் காதருகில் மெதுவாக வைத்தார். அத்தை கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டது:

"நிறுத்துப்பா. யாரு செத்தது?"

தோழர் போனை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பறையைப் பற்றி நம் இயக்கத்துக்குள் எத்தனையோ வருஷமாக இரண்டு பேச்சு இருக்கிறது. சாவுக்கு அடிப்பது அடிமைத் தொழில், பறையைத் தூக்கிப் போடு என்று ஒரு பக்கம். பறை நம் ஆதி இசை, அதை விடுதலையின் கருவியாக எடு என்று இன்னொரு பக்கம். முதல் பேச்சால் எத்தனையோ ஊர்களில் நம் ஆட்கள் சாவு மேளத்துக்குப் போக மறுத்து அடி வாங்கினார்கள். இரண்டாவது பேச்சால்தான் நான் கல்லூரியில் பறை கற்றுக்கொண்டேன். வைக்கோல் தீயில் காய்ச்சி, அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் கையில் எடுத்தால் எனக்கு முதுகு நிமிர்கிறது. ஆனால் என் முதுகும் அத்தையின் முதுகும் ஒன்றில்லை. முப்பது வருஷம் பறைக்குப் பின்னால் அத்தை நடந்தது சாவு வீட்டுக்குத்தான். கடைசியாகக் கேட்டது மகனுக்கு அடித்தது. விடுதலையின் இசை என்று நாம் பெயர் வைத்துவிட்டதாலேயே அது எல்லாக் காதுக்கும் விடுதலையாகக் கேட்டுவிடாது. சங்கத்து அம்மா வீணையை முடிவு செய்தார், தோழர் பறையை முடிவு செய்தார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். "அத்தே, உனக்கு எந்தப் பாட்டு வேணும்?"

பதில் வர வெகு நேரமானது. அந்த அளவுக்கு யாரும் அத்தையை இப்படிக் கேட்டதில்லை.

"ரேடியோ செட்டுப் பாட்டு."

முதலில் எனக்குப் புரியவில்லை. துண்டு துண்டாகச் சொன்னது. அத்தைக்கு அப்போது பதிமூணு, பதினாலு வயசு. சேரியில் ஒரு கல்யாணம். புளியமரத்தின் உச்சிக் கிளையில் குழாயைக் கட்டி இசைத்தட்டு போட்டார்கள். ஊர்த்தெரு வழியாகப் பெண் மாப்பிள்ளை ஊர்வலம் போக முடியாத காலம். மேளம் தெரு முனையோடு நின்றுவிடும். "ஆனா கொழா சத்தம் போவுமில்ல பாப்பா. ஊர்த்தெருவத் தாண்டி, ஏரிக்கரையத் தாண்டிப் போவும். அத எவன் மறிப்பான்?" என்றது அத்தை. நோய் வந்து அத்தை சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான்.

நாட்டார் இசை, மக்கள் இசை என்றெல்லாம் நாம் எழுதுகிறோம். சினிமாப் பாட்டை வணிகக் குப்பை என்று ஒதுக்கிய தோழர்களும் நம்மிடையே உண்டு. காலால் போக முடியாத தெருவுக்குள் ஒரு சத்தம் நுழைந்து போனதைப் பார்த்த பெண்ணுக்கு அந்தப் பாட்டு எந்த வகை இசை? எனக்குத் தெரிந்த எந்த வகைப்பாட்டிலும் அது அடங்கவில்லை.

பி. சுசீலா பாடிய பழைய பாட்டு. போனில் எடுத்தேன். அன்று பணியில் இருந்த சிஸ்டர் நல்லவர். ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ளட்டும், இன்னொரு காது பேர் கூப்பிட்டால் கேட்க வேண்டும், மேசையில் படுத்ததும் எடுத்துவிட வேண்டும் என்றார். அத்தை பாட்டோடு வாயசைத்தது. சத்தம் வரவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. வண்டி கிறீச்சிட்டு வந்தபோது அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் பாட்டுக்குள் போய்விட்டது. நாடி பிடித்த சிஸ்டர், போன தடவைக்கு இன்றைக்கு நெஞ்சடிப்பு இறங்கியிருக்கிறது என்றார். அன்று அத்தை தானே நடந்து உள்ளே போனது. அதற்கு முன் மூன்று நாளும் தூக்கித்தான் கொண்டுபோயிருந்தார்கள்.

பட்ட மேற்படிப்புக்கு வந்திருந்த ஒரு சின்ன டாக்டர் இதைக் கவனித்தார். அடுத்த வாரம் அவர் பெஞ்சு பெஞ்சாகப் போய், "உங்களுக்கு எந்தப் பாட்டு?" என்று கேட்டார். இளையராஜா என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஒரு பாய் நாகூர் ஹனீபா கேட்டார். ஒரு கிறிஸ்தவப் பெண் மாதா பாட்டு கேட்டாள். வாத்தியாருக்கு அவருடைய வீணை. ஒரு பையன், "எதுவும் வேணாம் சார், சும்மா இருக்கணும்" என்றான். அவனைத் தள்ளி மூலையில் சத்தம் கேட்காத இடத்தில் உட்கார வைத்தார்கள். அந்தப் பையனுக்குக் கொடுத்த அமைதியும் இசை மருத்துவத்தில் சேரும் என்றுதான் நான் சொல்வேன். கூடத்து ஒலிபெருக்கி அன்றிலிருந்து வாயை மூடியது.

6

பாட்டு கேட்டு அத்தை குணமானது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது பொய். குணமாக்கியது சிகிச்சையும் மாத்திரையும், உள்ளே இறங்கிய கஞ்சியும். ஆறாவது முறைக்குப் பிறகு ஒரு சாயங்காலம் அத்தை மகன் பேரைச் சொல்லி அழுதது. ஒப்பாரியாக இல்லை, மெட்டில்லாத அழுகை. கண் விழிக்கும்போதெல்லாம் "நான் எங்க இருக்கேன்" என்று கேட்கும். அந்த மாதத்தில் நடந்த பலதும் இன்றுவரை நினைவில் இல்லை. இப்போது மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு நாலு ஆடு வளர்க்கிறது. ஊர்த்தெரு சாவுக்கு ஆள் வந்தால், "இனிமே கூலிக்கு அழுவ மாட்டேன்" என்று திருப்பி அனுப்புகிறது.

பாட்டு செய்தது அந்த இரண்டு மணி நேரத்தைத் தாங்கும்படி ஆக்கியது. அது சின்ன விஷயம் இல்லை. முதல் மூன்று நாள் மாதிரியே போயிருந்தால் மாமா அத்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். பாதியில் அப்படித் திரும்பிப் போனவர்களை அந்தக் கூடத்தில் பார்த்தேன்.

ஆனால் பாட்டைக் காட்டி மற்றதை மறைக்க விடக் கூடாது. நடுவில் ஒரு திரை தொங்க விட எவ்வளவு ஆகும்? சக்கரத்துக்கு எண்ணெய் போட எவ்வளவு ஆகும்? எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லக் காசு தேவையா? சம்மதத் தாளில் மாமாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று நான் கேட்ட பிறகுதான் படித்துச் சொன்னார்கள். மயக்கம் கொடுப்பார்கள், துடிக்காது, வலி தெரியாது, மறதி வரும் என்ற நாலு விஷயத்தை அத்தைக்குப் புரிகிற தமிழில் சொல்லியிருந்தால் பயத்தில் பாதி அங்கேயே இறங்கியிருக்கும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் போடுகிற பாட்டு, அழுகிற குழந்தையின் வாயில் துணி வைக்கிற மாதிரிதான்.

நம் பக்கம் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. 2017 சட்டத்தில் அதிகம் பேர் அறியாத ஒரு உரிமை உண்டு. வயது வந்த எவரும், நாளைக்குத் தனக்கு மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்கக் கூடாது, தனக்காகப் பேச யாரை நியமிக்கிறேன் என்பதை இன்றைக்கே எழுத்தில் எழுதி வைக்கலாம். ஏற்கெனவே ஒரு முறை ஆஸ்பத்திரி கண்டவர்களுக்கு இது ரொம்பவே தேவை. சேரிகளில் சட்ட முகாம் நடத்துகிற தோழர்கள் பட்டா, சாதிச் சான்றிதழ், வன்கொடுமை வழக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தனக்காகப் பேசுகிற ஆளாக என் பேரைச் சொன்னது. கோடாங்கியிடம் கொண்டுபோகக் கூடாது என்றது. கட்டிப்போடக் கூடாது என்றது. கரண்டு வைக்கலாம், ஆனால் முன்னாடியே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றது. கடைசியாக, உடுக்கையும் சாவு மேளமும் காதில் விழக் கூடாது, ரேடியோ செட்டுப் பாட்டு போட வேண்டும் என்றது.

அதையும் எழுதினேன். பாட்டின் பேரோடு.